பகலில் தறிச் சத்தம்... இரவில் மேடைச் சத்தம்!

மாசி பிறந்துவிட்டால் பல்லடம் வட்டாரத்துச் சுவர்களுக்கு ஓய்வு கிடையாது. நோம்பி சாட்டிய ஊர்களின் பெயரைப் போட்டு ஆளுயரப் போஸ்டர்கள் வந்துவிடும். 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி' என்ற வரிக்குக் கீழே, டி.வி. பாட்டுப் போட்டியில் பெயர் வாங்கிய ஒருவரின் படம் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே குழுவின் பெயர். அதற்கும் கீழே விழாக் கமிட்டியார் பெயர்கள், பொடி எழுத்தில் நாற்பது ஐம்பது. ஓரத்தில் பந்தல்காரரின் போன் நம்பர்கூட உண்டு. கீபோர்டு வாசிக்கிறவர், ரிதம் பேட் அடிக்கிறவர், பேஸ் கிடார் பிடிக்கிறவர் பெயர் மட்டும் எங்கே தேடினாலும் கிடைக்காது.

இந்த வாரம் அந்தப் பெயரில்லாதவர்களின் கதை.

கோவை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது பல்லடம். சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள், கறிக்கோழிப் பண்ணைகள். வடக்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் திருப்பூரின் பனியன் கம்பெனிகள். (தமிழ்நாட்டுக் கறிக்கோழிக்குப் பண்ணை விலை சொல்கிற கமிட்டி இருப்பதும் இந்தப் பல்லடத்தில்தான்.) இங்கிருந்து தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி, காங்கேயம் என்று எந்தத் திசையிலும் ஊர்களுக்குக் குறைவில்லை. எல்லா ஊரிலும் ஒரு மாரியம்மன் இருக்கிறாள். மாரியம்மனுக்கு ஒரு நோம்பி உண்டு, நோம்பிக்கு ஒரு கச்சேரி உண்டு. மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவருக்கு இதைவிடத் தோதான இடம் வேறெங்கே கிடைக்கும்?

ஆனாலும் வாத்தியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவரை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கச்சேரி நாளன்று வேன் பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பும். தறிக்கூடத்தில் தன் தறிகளைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர் ஒருவர். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர் ஒருவர். மொபைல் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்தவர் ஒருவர். 'இதுதான் தொழில்' என்று இருப்பவர் அந்த வேனில் ஒருவரோ இருவரோதான். கடைசி சீட்டை டிரம்ஸ் அடைத்துக்கொள்ளும். ஸ்டாண்டு, ஒயர்ப் பை, மடித்து வைத்த கோட்டு எல்லாம் காலடியில். கீபோர்டு மட்டும் மடியில். கடன் இன்னும் முடியாத பொருள் அது, குலுங்கக் கூடாது.

ஊர் போய்ச் சேரும்போது மேடை பாதிதான் கட்டி முடிந்திருக்கும். சவுண்ட் செட்டுக்காரரின் லாரி இப்போதுதான் வந்து நிற்கும். ஜெனரேட்டர் எங்கே நிற்பது என்று இரண்டு தெருக்காரர்களுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். கமிட்டியில் ஒரு பெரியவர் வந்து, "ஏனுங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டால் அது நல்ல ஊர். கொங்குப் பக்கம் பெரும்பாலும் கேட்டுவிடுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

கச்சேரிக்கு ஒரு வரிசை உண்டு. பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு முடிந்ததும் முன்வரிசை நாற்காலியில் இருக்கிற பெரியவர்களுக்காக எம்.ஜி.ஆர்., சிவாஜி. மாவிளக்கு முடிந்து பெண்கள் வந்து உட்காருகிற நேரத்துக்கு எண்பதுகளின் பாடல்கள். பிறகு இளவட்டங்களுக்குக் குத்துப் பாட்டு. நடுநடுவே சீட்டு வரும். 'அன்பளிப்பு ஐந்நூறு ரூபாய், இந்தப் பாட்டைப் பாடவும்' என்று எழுதியிருக்கும். ஒரு நடிகரின் பாட்டுக்கு ஒரு பக்கம் விசிலடித்தால், அடுத்த நடிகரின் ஆட்கள் மேடையோரம் வந்துவிடுவார்கள். எப்போது பாட்டை மாற்றுவது, எப்போது ஒரு சரணத்தோடு முடிப்பது, எப்போது மறுபடியும் அம்மன் பாட்டுக்குப் போய்க் கூட்டத்தை உட்கார வைப்பது என்பதெல்லாம் ரிதம் வாசிப்பவரும் கீபோர்டுக்காரரும் கண்ஜாடையில் முடிவு செய்கிற சங்கதிகள். எந்த இசைப் பள்ளியிலும் இதற்குப் பாடம் கிடையாது. நாடி பிடிக்கிற வைத்தியம் மாதிரி, பழகப் பழகத்தான் கைவரும்.

ஒன்பதே முக்காலுக்கு மேடையோரம் காக்கிச் சட்டை தெரியும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாக உறுதி செய்தது. வருடத்தில் அதிகபட்சம் 15 நாட்கள், நள்ளிரவு 12 வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, நெஞ்சுவலிக்காரர், கைக்குழந்தை என்று ஊரில் எல்லோரும் இருக்கிறார்கள். விதி நியாயமானதுதான், அதோடு சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் இந்த விதி கலைஞரின் கணக்கை எப்படி மாற்றியது என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் ஏழு மணிக்குத் தொடங்கிய கச்சேரி நள்ளிரவு தாண்டியும் ஓடும். இப்போது மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்காக அவர் பிற்பகல் இரண்டுக்குக் கிளம்பி, கழற்றி, ஏற்றி, விடிகாலை மூன்றுக்கு வீடு வந்து சேர்கிறார். பதின்மூன்று மணி நேர வேலை. கமிட்டிக்காரர் மூன்று மணி நேரத்தைத்தான் பார்க்கிறார். 'பத்து மணிக்கே முடிச்சுட்டீங்க, பாத்துக் குறைச்சுக்குங்க' என்ற பேச்சு பேலன்ஸ் வாங்கும்போது வருகிறது.

திரும்புகிற வழியில் முன்சீட்டில் ஒருவர் தூங்காமல் டிரைவரோடு பேசிக்கொண்டே வர வேண்டும். யார் அந்த ஆள் என்பது முறைவைத்து மாறும். என்ன பேசினார்கள் என்று கேட்டால் மறுநாள் இருவருக்கும் நினைவிருக்காது.

தமிழ்நாட்டில் இந்தச் சுற்றல் வாழ்க்கைக்கு ஊரறிந்த முன்னோடிகள் ஒரு குடும்பத்தார். தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளுக்குப் பாட்டுக் கட்டிப் பாடியவர். 1958-ல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடம் பாடி ஓட்டுக் கேட்டார். அவர் குழுவில் சேர்ந்த தம்பிகளில் ஒருவர், குரல் உடையாத வயது என்பதால் பெண் குரலில் பாடினார். குரல் உடைந்ததும் ஆர்மோனியத்துக்கு மாறினார். அந்தத் தம்பிதான் இளையராஜா.

ஊர் ஊராக வருடக்கணக்கில் சுற்றிய பிறகு, அறுபதுகளின் கடைசியில் அண்ணன் பாஸ்கரோடும் தம்பி கங்கை அமரனோடும் சென்னைக்குக் கிளம்பினார். அம்மா சின்னத்தாயி வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்து அனுப்பியதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சென்னையிலும் உடனே சினிமா கிடைத்துவிடவில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய கச்சேரிக் குழுவில் சகோதரர்கள் வாசித்தார்கள். 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976-ல்.

இதை எப்போதும் வெற்றிக் கதையாகச் சொல்லியே பழகிவிட்டோம். வருடங்களை எண்ணிப் பார்த்தால் வேறொன்று தெரியும். தேவிகுளத்திலிருந்து அன்னக்கிளிக்கு 18 வருடம். அத்தனை காலமும் அது ஒரு பிழைப்புதான். அதில் சோறு இருந்தது, சினம் இருந்தது, பஸ் பயணம் இருந்தது. முடிவில் சினிமா வந்ததால் அந்த வருடங்களுக்கு ஒளி கிடைத்தது. பல்லடத்து வேனில் இருப்பவருக்கு முடிவில் சினிமா வரப்போவதில்லை. அவருக்கும் அது தெரியும். சினிமா வராவிட்டாலும் வாழ முடிகிற வேலையாக அது இருக்கிறதா என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

பழைய கச்சேரி மேடையின் படம் ஏதாவது வீட்டு ஆல்பத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வயலின் இரண்டு மூன்று, புல்லாங்குழல், அக்கார்டியன், டிரம்பெட், தபேலா, டோலக், பாங்கோஸ், டிரம்ஸ். பதினைந்து இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். 1985-ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி ஆக்டோபேட் என்ற கருவியைக் கொண்டுவந்தது. தட்டையான ரப்பர் பலகை, எட்டுக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் தட்டினால் தபேலா, இன்னொன்றில் தட்டினால் கடம், மற்றொன்றில் உடுக்கை. கீபோர்டுக்குள் வயலினும் குழலும் போய் உட்கார்ந்தன. மேடையில் இப்போது ஏழெட்டுப் பேர்தான். இறங்கிப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பார் இல்லை. இப்போது லேப்டாப்பில் டிராக்கை ஓடவிட்டுப் பாடகர் மட்டும் வந்து பாடிவிட்டுப் போகிற கச்சேரிகளும் உண்டு. அப்படி வந்தால் இந்த ஏழெட்டுப் பேரும் தேவையில்லை.

மிஞ்சியவர்களுக்கு வாத்தியம்தான் சொத்து. ஏ.ஆர்.ரஹ்மானின் அப்பா ஆர்.கே.சேகர் 1976-ல் இறந்தபோது, அவர் வைத்துவிட்டுப் போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நாட்களை ஓட்டியது. பல்லடத்திலும் அதே கணக்குதான். நல்ல கீபோர்டு ஒன்று வைத்திருப்பவருக்குத் தன் கச்சேரி இல்லாத நாளில் வாடகை வரும். கருவி இல்லாதவருக்குக் கைத்திறமை மட்டும்தான், அதற்கு வாடகை கிடையாது.

இனி வருடக் கணக்கு. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. நோம்பியும் முகூர்த்தமும் குவிந்து கிடக்கிற இந்த நாலு மாதம்தான் அறுவடை. ஆடியில் கல்யாணம் இல்லை, அம்மன் கோயில்கள் கொஞ்சம் கை கொடுக்கும். ஐப்பசி மழையில் மேடை போட யாரும் துணிவதில்லை. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டுப் பஜனைக்கு டோலக் வாசிக்கப் போகலாம். மார்கழியில் புத்தாண்டு இரவு ஒன்று. ஆக, நாலு மாதத்தில் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். அந்த நாலு மாதத்தில் ஏதாவது ஒன்று வந்து விழுந்தால்?

விழுந்துகொண்டேதான் இருக்கிறது. 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாடு அடைக்கப்பட்டபோது பங்குனி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வெற்றிலை பாக்கோடு வாங்கிய அட்வான்ஸ்கள் திரும்பிப் போயின. அடுத்த வருடம் பிழைத்துவிடலாம் என்றிருந்தவர்களுக்கு, 2021 ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை வந்தது. அது சித்திரை பிறப்பதற்கு நாலு நாள் முன்பு. இரண்டு அறுவடை அடுத்தடுத்துப் போனது. விவசாயிக்கு இப்படி நடந்தால் அதற்கு வறட்சி என்று பெயராவது இருக்கிறது.

அப்புறம் தேர்தல். 2019-ல் ஓட்டுப்போட்டது ஏப்ரல் 18. 2021-ல் ஏப்ரல் 6. 2024-ல் ஏப்ரல் 19. தமிழ்நாட்டில் தேர்தல் என்றாலே நோம்பிக் காலம்தான். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் அனுமதி வாங்குவது இரட்டை அலைச்சலாகிவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும். நள்ளிரவில் கச்சேரிப் பணத்தோடு வருகிற வேனைப் பறக்கும் படை நிறுத்தினால், 'இது பாட்டுப் பாடி வாங்கினதுங்க' என்பதற்கு எந்த ரசீதைக் காட்டுவது? கமிட்டி வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்த பணத்துக்கு வவுச்சர் ஏது?

கொரோனாவும் தேர்தலும் தமிழ்நாடு முழுக்க எல்லாக் குழுக்களுக்கும் பொது. பல்லடத்துக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. கச்சேரிப் பணம் வருவது தறியிலிருந்து.

நோம்பி வசூல் என்பது தலைக்கட்டு வரியும் நன்கொடையும் சேர்ந்தது. தறிக்கூடம் வைத்திருப்பவர், பனியன் கம்பெனிக்காரர், கோழிப்பண்ணைக்காரர் கொடுக்கிற பெரிய நோட்டில்தான் கச்சேரி நிற்கிறது. பூசாரிக்கும் பூவுக்கும் பொங்கலுக்கும் குறைக்க முடியாது. குறைப்பதென்றால் முதலில் கை வைப்பது கச்சேரியில்தான். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்கிற விசைத்தறிக்காரர்கள் ஒப்புக்கொண்ட கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் தறி ஓடவில்லை. தறி நின்ற தை முடிந்து வருகிற மாசியில் வசூல் எப்படி இருந்திருக்கும்? அதே வருடம் நூல் விலை ஏறி, மே மாதம் திருப்பூரே கடையடைத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது பனியன் கம்பெனிகள் ஆர்டர் போகுமோ என்று கலங்கின. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் பல்லடத்தில் ஒரு டோலக் உறையைவிட்டு வெளியே வராமல் போகலாம். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் வழி நேரானது. ஆர்டர், கம்பெனி, நன்கொடை, கமிட்டி, அட்வான்ஸ்.

இதில் வாத்தியக்காரருக்கு அடி இரண்டு பக்கமும் விழுகிறது. தறி நின்றால் பகல் கூலி போகிறது. அதே தறி நின்றதால் இரவுக் கச்சேரியும் போகிறது. ஒன்று கவிழ்ந்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் இரண்டு தொழில் வைத்துக்கொள்கிறோம். இங்கே இரண்டு தோணியும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது.

அடுத்தது காது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனாலேயே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

விசைத்தறிக் கூடத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும். நாடா அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. உதட்டைப் பார்த்தும் கை ஜாடையிலும்தான் பேச்சு. சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை காது தாங்கும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். மூன்று மூன்று டெசிபலாகக் கூடக் கூட, தாங்குகிற நேரம் பாதி பாதியாகக் குறையும். தறிக்கூடத்தில் ஒரே ஷிப்டில் அந்த வாரக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் மேடைக்குப் போகிறார். இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ், காலடியில் மானிட்டர். இங்கேயும் கண்ஜாடைதான்.

காதுக்குள்ளே இருக்கிற நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற மெல்லிய சத்தங்கள். சலங்கையின் நுனி ஒலி, குழலின் மேல் ஸ்தாயி, குழந்தையின் பேச்சில் வருகிற 'ஸ'. வீட்டில் டி.வி. சத்தம் கூடிக்கொண்டே போகும். 'அப்பாவுக்குக் காது மந்தம்' என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ராத்திரி படுத்ததும் காதுக்குள் 'ங்...' என்று ஒரு ரீங்காரம் நிற்காமல் ஓடும். ராகத்தையும் சுருதியையும் எடை போடுகிற தராசு அந்தக் காதுதான். அதை இரண்டு தொழிலும் சேர்ந்து அரிக்கின்றன.

உலகம் சுற்றுகிற பெரிய குழுக்களுக்கும் இது வந்திருக்கிறது. ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், 'தொடர்ந்தால் முழுச் செவிடாகிவிடுவீர்கள்' என்று டாக்டர்கள் எச்சரித்ததால் 2016-ல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டார். அவருக்கு டாக்டர்கள் இருந்தார்கள், சொன்னார்கள். இங்கே சொல்ல ஆளில்லை.

பல்லடம் பஞ்சு புழங்குகிற ஊர். தறிக்காரரும் சரி, டிரம்ஸ்காரரும் சரி, காதில் ஒரு துண்டுப் பஞ்சை அடைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பஞ்சு சத்தத்தைத் தடுப்பதில்லை, தடுப்பதாக ஒரு நினைப்பைத்தான் தரும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஃபோம் காதடைப்பான் விலை குறைவு, தறிக்கு அது தோது. மேடைக்கு, சுருதி கெடாமல் சத்தத்தை மட்டும் சமமாகக் குறைக்கிற காதடைப்பான்களும் விற்பனைக்கு இருக்கின்றன. கீபோர்டுக்குக் கடன் வாங்குகிற கை, இதற்குச் செலவழிக்க யோசிக்கிறது. பனியன் கம்பெனி வேலையில் பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு. மேடைக்கு இரண்டும் கிடையாது.

பாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்ற வழக்கும் இந்த வேன் வரைக்கும் வந்துவிட்டது. 2017 மார்ச்சில் எஸ்.பி.பி. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, அனுமதியில்லாமல் தன் பாடல்களைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அவரும் அந்தப் பாடல்களைத் தவிர்த்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். ஒரு காலத்தில் ஒரே கச்சேரிக் குழுவில் சுற்றிய இருவர்! பாட்டை உருவாக்கியவருக்குப் பங்கு போக வேண்டியது நியாயம். 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் கல்யாண ஊர்வலத்துக்கும் மதச் சடங்குக்கும் விலக்குத் தருகிறது. டிக்கெட் போட்ட கச்சேரிக்கு அந்த விலக்கு கிடையாது. குழு நடத்துகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

போட்டியும் வந்துவிட்டது. கேரளத்துச் செண்டை மேளம் எப்போதோ வந்தாயிற்று. டி.ஜே. வந்தாயிற்று. இப்போது கொங்குப் பக்கம் நோம்பி மேடையைப் பிடித்திருப்பது வள்ளி கும்மி. ஐ.டி. வேலை பார்க்கிற பெண்ணும் அவள் அம்மாவும் ஒரே நிறச் சேலையில் ஒரே வரிசையில் நின்று ஆடுகிறார்கள். காரமடை பக்கத்துப் பெரியவர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தக் கலைக்காகத்தான். ஊரே இறங்கி ஆடுகிற ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற கச்சேரியைவிட ஊருக்கு நெருக்கமானது என்று யாராவது சொன்னால் மறுப்பது கஷ்டம். ஆனாலும் நோம்பியில் கச்சேரிக்கென்று ஒதுக்கிய இரவு ஒன்றுதான். கும்மிக்குப் போனால் கச்சேரிக்கு இல்லை.

வீட்டில் இதெல்லாம் எப்படிப் பார்க்கப்படுகிறது? பெண் பார்க்கப் போன இடத்தில் 'மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?' என்றால், 'தறி ஓட்டறாரு' என்பதுதான் முதல் பதில். பாட்டுச் சமாச்சாரம் காபி வந்த பிறகு மெதுவாகச் சொல்லப்படும். கல்யாணமான பிறகு மனைவிக்கு ஒரு உண்மை புரியும். மற்ற எல்லோருக்கும் விசேஷமான நாளில்தான் இந்த மனுஷனுக்கு வேலை. தங்கச்சி மகளின் சீர், மாமனார் வீட்டு நோம்பி, சொந்த ஊர் மாவிளக்கு என்று எதிலும் அவர் இருக்க மாட்டார். எல்லா நல்ல நாளும் முகூர்த்த நாள், முகூர்த்த நாளெல்லாம் புக்கிங். சொந்தக்காரர்கள் எடுத்த போட்டோக்களில் அவர் இடம் காலியாக இருக்கும். யாரோ ஒரு அறியாத ஊரின் வீடியோவில் அவர் இருப்பார், அதுவும் பாடகியின் தோளுக்குப் பின்னால் பாதி முகம்.

பெண் பாடகிகளின் பாடு இன்னும் கடினம். அதே வேன், அதே நேரம், அதே விடிகாலை மூன்று மணி. மேடைக்குப் பின்னால் உடை மாற்ற ஒரு மறைவு, ஒரு கழிப்பறை. கச்சேரிக்கு லட்சம் செலவழிக்கிற கமிட்டிகளில் எத்தனை இதை யோசித்து வைக்கின்றன? அப்பாவோ அண்ணனோ கணவரோ துணைக்கு வர வேண்டும். அவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார். அந்தக் கூலி யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆனாலும் விட்டுவிட்டுப் போனவர்கள் குறைவு. விட்டவர்களும் முழுசாக விடுவதில்லை. வேனில் ஆள் குறைகிறது என்று போன் வந்தால் கிளம்பிவிடுகிறார்கள். காரணம் கேட்டால் பணம் என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் முடியாது. தறிக்கூடத்தில் எட்டு மணி நேரம் ஓட்டிய துணி யாருக்குப் போகிறது என்று ஓட்டியவருக்குத் தெரியாது. மேடையில் ஒரு முன்னிசையைச் சரியாக வாசித்ததும், மூன்றாவது வரிசைப் பாட்டி தலையாட்டுவது நேராகத் தெரிகிறது.

தை பிறந்ததும் அடுத்த நோம்பிக்குத் தேதி கேட்டுக் கமிட்டிக்காரர்கள் கூப்பிட ஆரம்பிப்பார்கள். தறிச் சத்தத்தில் போன் மணி கேட்காது. ஒரு அழைப்பை விட்டால் அந்தத் தேதி வேறு குழுவுக்குப் போய்விடும். அதனால் அந்த மாதம் முழுக்க போனை வைப்ரேட்டில் போட்டு, சட்டையின் இடது பையில் வைத்துக்கொண்டே அவர் தறி ஓட்டுகிறார்.